யாருடைய நாய்? – ஆஸ்திரேலியாவில் வழிதவறி வரும் நாயும் மைக்ரோசிப்பும்

ஊரில் இருந்தவரை "இது யாருடைய நாய்?" என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்டதே இல்லை. தெருமுனையில் அது படுத்திருக்கும். டீக்கடைக்காரர் பொறை போடுவார். மூன்றாவது வீட்டு ஆச்சி மத்தியானம் மிஞ்சிய சோற்றை வைப்பார். இரவில் அந்நியர் வந்தால் தெருவுக்கே குரைக்கும். யாராவது கேட்டால், "எங்க தெரு நாய்" என்று ஒரு பதில். அதற்கு மேல் பத்திரமும் பட்டாவும் யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது சிட்னியின் வென்ட்வர்த்வில்லிலோ மெல்பேர்னின் டாண்டினாங்கிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு இடியும் மழையும். கராஜ் ஓரத்தில் பழுப்பு நிற நாய் ஒன்று நனைந்துபோய்ச் சுருண்டு படுத்திருக்கிறது. கழுத்தில் பட்டை இல்லை. தண்ணீர் வைத்ததும் குடிக்கிறது. ரொட்டியை நீட்டியதும் உட்கார்ந்து கைகொடுக்கிறது. "அப்பா, பாவம்பா, இதுக்கு யாருமே இல்ல. நாமளே வச்சுக்கலாமா?" என்கிறாள் மகள். மத்தியானத்துக்குள் அதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் வந்த உயிருக்கு இடம் கொடுப்பது நல்ல குணம். ஆனால் இந்த நாட்டில் அந்தக் குணத்தை அடுத்து ஒரு கடமையும் வருகிறது. கைகொடுக்கத் தெரிந்த நாய்க்கு அதைக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் இப்போது எங்கோ தெருத்தெருவாக அலைந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

தெரு நாய் என்ற வகை இல்லாத நாடு

இந்தியாவில் தெரு நாய்க்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. 2023ல் வந்த விலங்குக் கருத்தடை விதிகள் அவற்றைச் 'சமூக விலங்குகள்' என்று அழைக்கின்றன. அதாவது தனியொருவருக்குச் சொந்தமில்லாமல், ஒரு பகுதிக்குச் சொந்தமாக ஒரு நாய் வாழலாம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

ஆஸ்திரேலிய நகரச் சட்டங்களில் இந்த நடுவழி இல்லை. டிங்கோ போன்ற காட்டு நாய்களை விட்டுவிட்டால், ஊருக்குள் இருக்கும் ஒவ்வொரு நாய்க்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள ஏற்பாடு. ஆகவே பக்கத்தில் ஆளில்லாமல் நிற்கும் நாயை 'யாருக்கும் சொந்தமில்லாத நாய்' என்று இங்கே எண்ணக்கூடாது. 'ஆளைத் தொலைத்த நாய்' என்றுதான் எண்ண வேண்டும். நம்மோடு விமானம் ஏறி வந்த பழைய எண்ணம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1966ஆம் ஆண்டின் நாய்ச் சட்டத்துக்குப் பதிலாக 1998ல் வளர்ப்புப் பிராணிகள் சட்டம் வந்தது. 1999 ஜூலை முதல் மைக்ரோசிப்பும், வாழ்நாளுக்கு ஒரே பதிவு என்ற முறையும் நடைமுறைக்கு வந்தன. நாய்க்குட்டிக்கு 12 வாரம் ஆகும் முன், அதற்கு முன்பே விற்றாலோ கொடுத்தாலோ அப்போதே, சிப் பொருத்தியாக வேண்டும். விக்டோரியாவில் 1994ஆம் ஆண்டின் வீட்டுப் பிராணிகள் சட்டப்படி கவுன்சிலில் ஆண்டுதோறும் பதிவு. ஏப்ரல் 10க்குள் புதுப்பிக்க வேண்டும். 2007 மே முதல், முதன்முறையாகப் பதிவு செய்யும் நாய்க்கும் பூனைக்கும் மைக்ரோசிப் கட்டாயமாயிற்று.

அரிசி மணிக்குள் 15 இலக்கம்

மைக்ரோசிப் என்றதும் பலர் அது செயற்கைக்கோளோடு பேசும் கருவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அதில் பாட்டரி கிடையாது. நாய் எங்கே திரிகிறது என்று அதற்குத் தெரியாது. யாருக்கும் அது செய்தி அனுப்பாது. ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு கம்பிச் சுருளும் ஒரு நுண்சில்லும். கெட்டியான ஊசியால் தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் செலுத்துவார்கள்.

ஸ்கேனர் என்னும் படிப்பான் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அது பக்கத்தில் வந்ததும் சுருளில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கிறது. அந்தக் கடன் மின்சாரத்தில் சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடுகிறது. உலகத் தரப்படி (ஐ.எஸ்.ஓ. 11784, 11785) அந்த எண்ணுக்கு 15 இலக்கம். முதல் 3 இலக்கம் நாட்டையோ தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். பெயர், முகவரி, தொலைபேசி எண் எதுவும் சிப்பில் இல்லை. அவையெல்லாம் வேறெங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. சிப் ஒரு பூட்டின் எண் மாதிரி. திறப்பவர் வேறு ஆள்.

ஸ்கேனரை ஓட்டும் விதம்

கால்நடை மருத்துவமனை, கவுன்சில், விலங்குக் காப்பகம் ஆகிய இடங்களில் ஸ்கேனர் இருக்கும். வழிதவறிய நாயைக் கொண்டுபோனால் சிப் பார்க்கப் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. நாயை வண்டியில் ஏற்ற முடியாத நிலையிலோ, அது மிரண்டு சீறினாலோ, நீங்களாகப் பிடிக்கப் போகாதீர்கள். கவுன்சிலைக் கூப்பிட்டால் ரேஞ்சர் என்னும் அலுவலர் வருவார்.

ஒருமுறை தோள்மேல் காட்டிவிட்டு "சிப் இல்லை" என்று முடிவுகட்டக்கூடாது. வருடக் கணக்கில் சிப் இடம் மாறலாம். தோள்பட்டைக்கோ முன்னங்கால் மேற்புறத்துக்கோ நகர்ந்திருக்கலாம். ஸ்கேனரை உடலை ஒட்டினாற்போல், மெதுவாக, வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். முதலில் தோள்களுக்கு நடுவே, பிறகு கழுத்தின் இருபுறம், முதுகு, விலா, முன்னங்கால்கள். சிப் கிடக்கும் கோணத்தைப் பொறுத்து அலை படாமலும் போகலாம் என்பதால் திசை மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். இரும்பு மேசையும் உலோகக் கொக்கி வைத்த பட்டையும் குழப்பும். வயதான நாயிலோ வெளிநாட்டிலிருந்து வந்த நாயிலோ வேறு அலைவரிசையில் பேசும் பழைய வகைச் சிப், 9 அல்லது 10 இலக்கத்தோடு இருக்கலாம். அதைப் படிக்கப் பலவகைச் சிப்புகளையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

ஓர் இடத்தில் சிப் தெரியவில்லை என்றால் இன்னோர் இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஒரு குடும்பத்தின் நாய் திரும்புவதும் திரும்பாமல் போவதும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

எண் கிடைத்தது, ஆள் எங்கே?

நியூ சவுத் வேல்ஸில் அரசே ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. உரிமையாளரின் பெயரையும் எண்ணையும் கவுன்சில், மருத்துவர், காப்பகம் போன்ற அனுமதி பெற்றவர்களே பார்க்க முடியும். நாம் பார்த்தால் அந்தரங்க விவரம் எதுவும் தெரியாது. அதுவும் சரிதான். முன்பின் தெரியாத ஒருவர் கையில் 15 இலக்கம் கிடைத்ததற்காக இன்னொருவரின் வீட்டு முகவரி போய்விடக்கூடாது.

விக்டோரியாவில் நிலைமை வேறு. அங்கே சென்ட்ரல் அனிமல் ரெக்கார்ட்ஸ், ஆஸ்திரலேசியன் அனிமல் ரெஜிஸ்ட்ரி போன்ற உரிமம் பெற்ற தனியார் பதிவேடுகள் பல. எந்தச் சிப் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தேட 'பெட் அட்ரஸ்' என்ற பொதுத் தேடல் தளம் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பதிவேட்டைத் தனியாகவும் பார்க்க வேண்டும். சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் நாய் தொலைந்தால், தனியார் பதிவேடுகளில் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று கைவிரிப்பதற்கு இடமுண்டு. அந்த நேரத்தில், "வேறு மாநிலப் பதிவேட்டிலும் பார்த்தீர்களா?" என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி பெரிய உதவி.

மைக்ரோசிப் தோற்பது பெரும்பாலும் சிப்பினால் அல்ல, பழைய முகவரியினால். வீடு மாறியிருப்பார்கள், கைப்பேசி எண்ணை மாற்றியிருப்பார்கள், வளர்த்தவரிடமிருந்து வாங்கிய நாயின் பதிவைத் தம் பெயருக்கு மாற்றாமலே விட்டிருப்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் முகவரி மாறினால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

பவுண்டும் நாள் கணக்கும்

பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷார் காலத்து 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் அது. மாட்டுக்காரர் 7 நாளில் வராவிட்டால் அறிவிப்பு, அதற்குப் பிறகும் வராவிட்டால் ஏலம். சிட்னி, மெல்பேர்ன் கவுன்சில்களின் நாய்க் காப்பிடத்துக்கும் பவுண்டு என்றே பெயர். முறையும் அதே குடும்பம்தான்: பிடி, அறிவி, காத்திரு, பிறகு கைமாற்று.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, பொது இடத்தில் கட்டுப்பாடின்றித் திரியும் நாயை எவரும் பிடிக்கலாம். ஆனால் பிடித்தவர் அதைக் கூடிய விரைவில் உரிமையாளரிடமோ பவுண்டிடமோ அங்கீகாரம் பெற்ற விலங்கு நல அமைப்பிடமோ சேர்த்துவிட வேண்டும். 'நான் வைத்துக்கொள்கிறேன்' என்ற நான்காவது வழி அந்தப் பட்டியலில் இல்லை. பவுண்டு, அடையாளம் தெரிந்த நாயென்றால் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 14 நாளும், அடையாளம் இல்லாத நாயென்றால் 7 நாளும் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே விற்கவோ தத்துக் கொடுக்கவோ முடியும். கருணைக்கொலை என்ற முடிவுக்கு முன் குறைந்தது இரண்டு மறுவாழ்வு அமைப்புகளிடம் கேட்க வேண்டும் என்று 2022ல் திருத்தம் வந்தது.

விக்டோரியாவில் காத்திருப்பு 8 நாள். கண்டெடுத்த நாயைக் கவுன்சிலிடமோ, கவுன்சிலோடு ஒப்பந்தம் உள்ள காப்பகத்திடமோ மருத்துவரிடமோ ஒப்படைக்க வேண்டும். மெல்பேர்னில் 1910 முதல் இயங்கும் 'லாஸ்ட் டாக்ஸ் ஹோம்' இதற்குப் பெயர்போன இடம். மருத்துவர்களும் காப்பகங்களும் நேரடியாகவே உரிமையாளரிடம் சேர்ப்பதற்கு வழிசெய்ய, விக்டோரிய நாடாளுமன்றம் 2022ல் தனித் திருத்தச் சட்டமே இயற்றியது.

இந்த நாள் கணக்கு வெறும் அலுவலகச் சடங்கு இல்லை. ஊருக்குப் போயிருக்கும் ஒருவரின் நாய், பார்த்துக்கொள்ள வந்தவர் கதவை அடைக்க மறந்ததால் ஓடியிருக்கலாம். மருத்துவமனையில் கிடக்கும் முதியவரின் நாயாக இருக்கலாம். 7 நாளும் 14 நாளும் அப்படிப்பட்டவர்களுக்காக.

சிப்பில் உள்ள பெயர்தான் உரிமையாளரா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் அல்ல. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு மூன்று பேரைக் காட்டுகிறது: நாயைத் தன் சொத்தாக உடையவர், வழக்கமாக அதை வைத்து வளர்ப்பவர், பதிவேட்டில் பெயர் உள்ளவர். கடிபட்டவருக்கும் கவுன்சிலுக்கும் பதில் சொல்லும் பொறுப்பில் இந்த மூவரும் வருவார்கள். சாதாரணமாக மூவரும் ஒருவரே. ஆனால் படிக்க வந்த மாணவர் நாடு திரும்பும்போது நாயை நண்பரிடம் விட்டுச் செல்கிறார், பதிவை மாற்றவில்லை. நான்கு வருடம் நண்பர்தான் சோறு போட்டார், ஊசி போட்டார். நாய் தொலைந்து, சிப்பைப் படித்தால் கடல்கடந்த ஒருவரின் பெயர் வருகிறது. அந்த நேரத்தில் பதிவேடு ஒரு சாட்சி மட்டுமே. வாங்கிய ரசீது, மருத்துவச் செலவுச் சீட்டு, புகைப்படங்கள், அக்கம்பக்கத்தார் சொல் எல்லாம் சேர்த்தே முடிவாகும். இருவரும் விட்டுக்கொடுக்காவிட்டால் நீதிமன்றம்.

கண்டெடுத்தவர் இந்த மூவரில் எவரும் அல்ல. ஒரு வாரம் சோறு போட்டதால் 'வழக்கமாக வளர்ப்பவர்' ஆகிவிட முடியாது. பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் நாய் திருடக்கூடிய பொருளாகவே எண்ணப்படவில்லை. அந்த ஓட்டையை அடைக்கவே தனிச் சட்டங்கள் பிறந்தன. நியூ சவுத் வேல்ஸின் 1900ஆம் ஆண்டுக் குற்றச் சட்டத்தில் நாய் திருட்டுக்கென்று தனிப் பிரிவு உண்டு. விக்டோரியாவின் 1958ஆம் ஆண்டுக் குற்றச் சட்டம் கண்டெடுத்த பொருளைப் பற்றி ஒரு நல்ல அளவுகோல் தருகிறது: நியாயமான முயற்சி செய்தாலும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பி ஒருவர் எடுத்துக்கொண்டால் அது நேர்மையின்மை ஆகாது. சிப் இருக்கும் காலத்தில் நியாயமான முயற்சியின் முதல் படி ஸ்கேனர். அதைச் செய்யாதவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

சட்டம் அன்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2025 ஜூன் 10 முதல், மணமுறிவில் வளர்ப்புப் பிராணி யாரிடம் போக வேண்டும் என்று தீர்க்கும்போது, யார் அதைக் கவனித்துக்கொண்டார்கள், யாருக்கு அதனோடு பற்று, குடும்ப வன்முறை இருந்ததா என்பதையெல்லாம் ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே வீட்டில் இருந்தவர்களுக்கு இடையிலான வழக்கு. வழியில் கண்டவருக்கு அந்த வாசல் இல்லை.

"அவர்களுக்கு இந்த நாய் தகுமா?"

கஷ்டமான இடம் இதுதான். நாய் எலும்பும் தோலுமாக இருக்கிறது. நகம் வளர்ந்து வளைந்திருக்கிறது. "இப்படி வைத்திருந்தவரிடம் திருப்பிக் கொடுப்பதா?" என்று மனம் கொதிக்கும். பொறுங்கள். இரண்டு வாரம் தொலைந்து திரிந்த நாயும் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும். வளர்த்தவர் கொடுமை செய்தாரா, நாய் வழிதவறிப் பட்டினி கிடந்ததா என்பதை நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது.

சந்தேகம் உண்மையென்று பட்டால், படமெடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடமும் ஆர்.எஸ்.பி.சி.ஏ. அமைப்பிடமும் சொல்லுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டங்களின்கீழ் (நியூ சவுத் வேல்ஸில் 1979, விக்டோரியாவில் 1986) விசாரிக்கும் அதிகாரம் அவர்களுடைய ஆய்வாளர்களுக்கு உண்டு. கேட்காமலே தீர்ப்பு எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை.

இங்கே மகாபாரதத்தின் கடைசிப் பயணம் நினைவுக்கு வருகிறது. கூடவே வந்த நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் சொல்ல, தருமன் மறுக்கிறான். நாய் தன் உடைமை என்பது அவன் வாதம் இல்லை. அண்டி வந்ததைக் கைவிடக்கூடாது என்பதே வாதம். கைவிடாமல் இருப்பதற்குச் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை.

அப்படியானால் வைத்துக்கொள்ளவே முடியாதா?

முடியும், நேர்வழியில். ஒப்படைக்கும்போதே, "யாரும் வராவிட்டால் நான் தத்தெடுக்க விரும்புகிறேன்" என்று சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள். காத்திருப்பு முடிந்து காப்பகம் உங்களிடம் தந்தால், பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும். நாய் சட்டப்படி உங்களுடையது. நாளை ஒருவர் வந்து வாசலில் நிற்பாரோ என்ற பயமில்லாமல் அதைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகலாம். ஒளித்து வைத்த நாயோடு அப்படி நடக்க முடியாது. மருத்துவரிடம் போகும் முதல் நாளே ஸ்கேனர் உண்மையைச் சொல்லிவிடும்.

அக்கம்பக்கத்தில் அறிவிப்பு ஒட்டும்போது எல்லா அடையாளத்தையும் எழுதிவிடாதீர்கள். வயிற்றில் வெள்ளைப் புள்ளியோ காதில் வெட்டோ இருந்தால் அதை மறைத்து வையுங்கள். தேடி வருபவர் அதைச் சொல்லட்டும். சிப் எண்ணையும் வெளியிட வேண்டாம்.

நம் பக்கத்துக் கணக்கு

மெல்பேர்னில் கால்நடை மருத்துவராக இருந்த எழுத்தாளர் நடேசன் 'வாழும் சுவடுகள்' நூலில் தம் தொழிலில் கண்ட பிராணிகளையும் மனிதர்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். புலம்பெயர் தமிழில் இந்த உறவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஊரும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2025ல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது.

மகளிடம் என்ன சொல்வது? "இதுக்கு ஆள் இருக்கும்மா, நாம கண்டுபிடிச்சுக் கொடுப்போம்" என்று சொல்லலாம். ஆள் கிடைத்தால் மகள் ஒரு நாள் அழுவாள். கிடைக்காவிட்டால் இரண்டு வாரம் கழித்து அவளே போய்க் கூட்டிவரலாம். இரண்டிலும் அவள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. நாம் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். வாடகை வீடு, பிறகு பள்ளிக்காக இன்னொரு வட்டாரம், பிறகு சொந்த வீடு. ஒவ்வொரு மாற்றத்திலும் வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் புது முகவரி கொடுக்கிறோம். உங்கள் வீட்டில் நாய் இருந்தால், இன்றைக்கே பதிவேட்டைத் திறந்து அதில் உள்ள தொலைபேசி எண்ணைப் பாருங்கள். அடுத்த இடிமழை இரவில் உங்கள் நாய் யாரோ ஒருவரின் கராஜில் போய் ஒதுங்கலாம். அவர் நல்லவராகவும் இருக்கலாம். மறுநாள் ஸ்கேனரில் எண் வந்து, மறுமுனையில் எடுக்க ஆளிருக்க வேண்டும்.